கொடுப்பவர் யார்?

தவக்காலம் பிறந்ததும் நம் பங்குகளில் சிறு காகித உறைகள் வழங்கப்படுகின்றன. ஒறுத்தலால் மிச்சமானதை அவற்றில் இட்டு, தொலைவிலுள்ள ஏழைச் சிற்றூர்களின் மேம்பாட்டுக்கென நாம் காணிக்கையாக்குகிறோம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் நம்மில் பலர் அதற்கு மேலும் செய்கிறோம்: ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்கிறோம், கிணறு தோண்டப் பணம் அனுப்புகிறோம், விழா நாள்களில் துணிமணி திரட்டுகிறோம். இவை நல்லவை. ஆயினும் இச்செயல்களின் அடியில் ஓர் எண்ணம் கேள்வியின்றிக் கிடக்கிறது. நகரத்தார் கொடுப்பவர், சிற்றூரார் பெறுபவர் என்பதே அவ்வெண்ணம். அது உண்மைதானா என்று ஒருமுறை கணக்குப் பார்ப்பது நம் உள்ளத்திற்கு நலம் பயக்கும்.

நம் வீட்டுக் குழாயிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம். சென்னையின் தாகம் சென்னையில் பெய்யும் மழையால் மட்டும் தணிவதில்லை. 1996ஆம் ஆண்டு முதல் கிருஷ்ணை ஆற்று நீர் ஆந்திரத்தைக் கடந்து பூண்டி ஏரிக்கு வருகிறது. 2004ஆம் ஆண்டு முதல், ஏறத்தாழ 235 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வீராணம் ஏரியின் நீர் குழாய் வழியே நம்மை வந்தடைகிறது. வீராணம் சோழர் காலத்தில் உழவுக்கென அமைக்கப்பட்ட ஏரி. கடலூர் மாவட்டத்து உழவரின் பாசனத்துக்குரிய ஏரியில் ஒரு பங்கை நாம் நாள்தோறும் பருகுகிறோம். நாம் குடியிருக்கும் அடுக்குமாடிகளின் செங்கல்லைச் சுமந்தவர்களும், நம் சமையலறைக்கு வரும் அரிசியை விளைவித்தவர்களும் பெரும்பாலும் சிற்றூர் மக்களே. உறையில் பணமிடும் கை, முன்னமே நிறையப் பெற்றுக்கொண்ட கை.

சாலையும் வேலையும் எட்டாத மலைப்பகுதிகளோ, வேறு எதையும் விற்க வழியின்றித் தம் இளைஞர்களையே வெளியூருக்கு அனுப்புகின்றன. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் சிறப்புக் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஜவ்வாது மலையினரும் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையினரும் இருந்தனர். அன்று நாடு முழுவதும் எழுந்த கேள்விகள் காவல் துறையைப் பற்றியவை, அவை எழவேண்டியவையே. ஆனால் நம்மை நோக்கியும் ஒரு கேள்வி உண்டு. சொந்த மண் சோறிட்டிருந்தால் அம்மனிதர்கள் அந்தக் காட்டுக்குப் போயிருப்பார்களா? இறந்தவர் வீட்டுக்கு உதவி அனுப்புவது இரக்கம். எவரும் அப்படிப் போக நேராதவாறு அவர்தம் நிலம் அவரைத் தாங்கச் செய்வது நீதி. இரண்டாவதை நாம் செய்யாமலிருக்கும்வரை முதலாவதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டேயிருக்க வேண்டியதுதான்.

அந்த நீதி நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதற்கு அதே மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒரு சான்று இருக்கிறது. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்டது சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளி என்னும் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் அங்கே வாழ்கின்றனர். 1993ஆம் ஆண்டில் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் மருத்துவர் லலிதாவும் அங்குச் சென்று பழங்குடியினர் நலவாழ்வுப் பணியைத் தொடங்கினர். அந்நாளில் அருகிலிருந்த மருத்துவமனைக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் செல்லவேண்டும். பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. ஊர் மக்கள் கட்டிக்கொடுத்த கூரைக் குடிசையே முதல் மருத்துவமனை. இருபது ஆண்டுகளுக்குள் அந்த இறப்பு 1000க்கு 20 என்னும் அளவை நெருங்கியது.

இம்மாற்றத்தை நிகழ்த்தியவர் யார் என்பதில்தான் நமக்குரிய பாடம் இருக்கிறது. நகரத்திலிருந்து செவிலியரை அழைத்துவருவதற்கு மாறாக, பள்ளத்தாக்கின் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தனர். ஊருக்கு ஒரு மூத்த பெண்மணி நலவாழ்வுப் பணியாளராகி, கருவுற்ற தாய்மாரையும் பச்சிளங் குழந்தைகளையும் வீடு தேடிச் சென்று கவனித்தார். அறிவு அவ்வூரிலேயே வேர்விட்டது. வந்தவர் நாளை போய்விட்டாலும் அது போகாது.

உடல் தேறியபின் அடுத்த நோய் கண்ணுக்குப் புலப்பட்டது. அது கடன். மழையை நம்பிய நிலத்தில் உரமும் பூச்சிமருந்தும் கேட்கும் பணப்பயிர்கள் புகுந்ததால் உழவர் கடனில் விழுந்தனர். பிழைப்புத் தேடி வெளியேறினர். மருந்து கொடுத்து இந்நோயைத் தீர்க்க இயலாது. ஆகவே இயற்கை வேளாண்மைக்குத் திரும்ப முன்வந்த உழவர் சிலர் கூடி ஒரு சங்கம் கண்டனர். அது பின்னர் நூற்றுக்கணக்கானோரின் அமைப்பாக வளர்ந்தது. சிறுதானியமும் மஞ்சளும் அவர்கள் பெயரிலேயே சந்தைக்கு வந்தன. லம்பாடிப் பெண்களிடையே மறைந்துகொண்டிருந்த பூத்தையல், அதை இன்னும் மறவாதிருந்த மூதாட்டியர் வாயிலாக இளையோர்க்குக் கற்பிக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டு முதல் 'போர்கை' என்னும் பெயரில் தொழிலாயிற்று. அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். பிச்சை ஏற்பவர் தம் தொழிலுக்கு இப்பெயரைச் சூட்டார்.

இந்த வேறுபாட்டைக் கருத்தளவில் தெளிவாக்கியவர், தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பா. இலண்டனில் கணக்காயராகப் பயின்று, பின்னர்க் காந்தியடிகளின் கிராமத் தொழில் இயக்கத்தை நடத்தியவர். சிறையிலிருந்தபோது எழுதி 1945ஆம் ஆண்டில் வெளியான நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் நூலில் அவர் வாழ்முறைகளை வகைப்படுத்தினார். பிற உயிரை அழித்து வாழ்வது ஒன்று. தோப்பில் புகுந்து கனியைத் தின்றுவிட்டு எதுவும் தராமல் செல்லும் குரங்கைப் போல் வாழ்வது மற்றொன்று. தேனை எடுக்கும்போதே பூவைக் காய்க்கச் செய்யும் தேனீயின் வாழ்வு அதற்கு மேலானது. தன் கூட்டத்தின் நலனுக்கென உழைப்பது அதனினும் உயர்ந்தது. எல்லாவற்றிலும் உயர்ந்தது, பயன் கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையின் தொண்டு.

நாம் நம்மைத் தாய்ப்பறவையாக எண்ணிக்கொள்ள விரும்புகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை அப்படியும் இருக்கிறோம். மற்ற நாள்களில் நாம் எவ்வகை? தியாகராய நகரில் பட்டுச் சேலைக்கு அட்டையில் எழுதியிருக்கும் விலையை மறுசொல் இன்றிக் கொடுக்கிறோம். வாசலுக்கு வரும் கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்கு வழக்காடுகிறோம். உழவரிடமிருந்து குறைத்து எடுத்ததில் ஒரு சிறு பகுதியை உதவியென்று திருப்பி அனுப்பினால், அது கொடையாகுமா?

இங்கே ஒரு மறுப்பு எழும். மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் மந்தைவெளிக் குடும்பம் ஒன்று, கூடுதல் விலை கொடுத்து எப்படி வாங்கும்? நேர்மையான கேள்வி. எல்லாவற்றையும் அவ்வாறு வாங்க எல்லாராலும் இயலாது. ஆயினும் ஒரு படி தினையை, ஒரு கிலோ மஞ்சளை, விளைவித்தவருக்குக் கட்டுப்படியாகும் விலையில், ஆண்டு முழுவதும் தவறாமல் வாங்கும் நூறு குடும்பங்கள் ஒரு பங்கில் இருந்தால், விதைக்கும்போதே உழவருக்கு ஒரு துணிவு பிறக்கும். ஒரே முறை அனுப்பும் பெருந்தொகை தராத துணிவு அது.

இதிலும் விழிப்பு வேண்டும். 2023ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையால் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அடையாற்றுக் கடைகளில் வரகும் சாமையும் அழகிய பைகளில் அமர்ந்துவிட்டன. நம் உடல்நலத்துக்கென நாம் வாங்கும் சாமை, அதை விளைவித்தவரின் குழந்தையின் தட்டிலிருந்து எடுக்கப்பட்டதாகிவிடலாகாது. விளைந்த வீடு முதலில் உண்ணட்டும். எஞ்சியது நகருக்கு வரட்டும். நிலைத்த வளர்ச்சி என்பதில் நம் நாவடக்கமும் ஒரு பகுதி.

பொறுமையும் அவ்வாறே. பணம் கொடுத்தவுடன் பயனைக் காட்டும் படங்கள் வேண்டுமென்று கேட்கிறோம். பெயர்ப்பலகையுடன் திறந்துவைக்கக் கட்டடம் வேண்டும். சிட்டிலிங்கியில் நலவாழ்வுப் பணியிலிருந்து வேளாண்மைக்கு வந்துசேரவே பத்தாண்டுகள் ஆயின. மக்கள் தாங்களே முடிவெடுக்கும்வரை காத்திருப்பது, காசோலையில் கையெழுத்திடுவதைவிடக் கடினமான ஈகை.

சாலையும் பள்ளியும் அமைப்பது அரசின் கடமையன்றோ எனலாம். ஆம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு நில உரிமையையும் அளித்திருக்கிறது. அச்சட்டம் மலையில் நடைமுறையாக வேண்டுமென்று, தலைநகரில் வாழும் நம் குரலும் கேட்கவேண்டும்.

புனித ஆறாம் பவுல் 1964ஆம் ஆண்டில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்தபோது நம் நாட்டின் வறுமையை நேரில் கண்டார். 1967ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட, மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலில் அப்பயணத்தையும் நினைவுகூர்ந்தார். வளர்ச்சி என்பது பொருள் பெருக்கம் மட்டுமன்று, முழு மனிதரின் வளர்ச்சி என்பது அம்மடலின் நன்கறிந்த போதனை. அதிகம் பேசப்படாத போதனை ஒன்றும் அதில் உண்டு. வலியவரும் எளியவரும் பேரம் பேசும்போது, இருவரும் இசைந்தனர் என்பதாலேயே அந்த விலை நீதியானதாகிவிடாது என்பது அது. பசித்தவரின் சம்மதம் கட்டாயத்தின் மறுபெயராக இருக்கக்கூடும்.

ஆகவே இனி நாம் உதவ முற்படும்போதெல்லாம் மூன்று கேள்விகளை நம்மிடம் கேட்டுக்கொள்வோம். நாம் அவர்களிடமிருந்து ஏற்கெனவே பெற்றது எவ்வளவு? நம் உதவியால் வளர்வது அவர்களின் திறமையா, நம் பெயரா? நாம் நிறுத்திக்கொண்டால் அவர்கள் நிற்பார்களா, விழுவார்களா? இக்கேள்விகளுக்கு விடை சொல்லத் தொடங்கினால் கொடுப்பதை நிறுத்தமாட்டோம், குனிந்து கொடுப்போம். கடனைத் திருப்பித் தருபவர் எவரும் நன்றியை எதிர்பார்ப்பதில்லை.