கயிறு மாற்றிய பிறகு

பழைய புல்லட்டைப் பிரித்துத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டித் தரச் சொல்கிறவர்கள் டேங்க்கைப் பற்றிப் பேசுவார்கள், ஹேண்டில்பாரைப் பற்றிப் பேசுவார்கள், சைலன்சர் சத்தத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆயில் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்பும் என்று கேட்பவர் அபூர்வம். “அதெல்லாம் நீங்க பாத்துப் போடுங்கண்ணே” என்று முடித்துவிடுவார்கள். எனக்கு இந்த வாக்கியம்தான் பிரச்சினை. காசு அவனுடையது, உயிர் அவனுடையது, முடிவு மட்டும் மெக்கானிக்குடையது. பாத்துப் போடுவது என்றால் என்ன?

இன்ஜினைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1955இல் சென்னையில் பூட்ட ஆரம்பித்து, பல பத்தாண்டுகள் ஓடிய அந்த வார்ப்பிரும்பு இன்ஜினில் ஆயிலுக்கென்று தனி டேங்க் கிடையாது. கிராங்க்கேஸிலேயே ஓர் அறை ஒதுக்கியிருப்பார்கள். ஒரு பம்ப் ஆயிலை அனுப்பும், இன்னொன்று அடியில் வடிந்ததை இழுத்துத் திருப்பும். வடிகட்டி என்று இருப்பது டைமிங் கவருக்குள் ஒரு கம்பளி உருளை. மேலே ராக்கருக்கு ஆயில் கொண்டுபோக இன்ஜினுக்கு வெளியே மெல்லிய குழாய். இதற்குக் கூடுதலாக, கார்களில் வருவதுபோல் திருகிப் பூட்டும் ஃபில்டரும் எஃகு வலை பின்னிய ஹோஸும் வேண்டும் என்பது இப்போதைய ஆசை. நியாயமான ஆசைதான்.

ஆனால் அந்த ஆசைக்குள் நிறையச் சின்னச் சின்ன முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. பம்ப் உறிஞ்சுகிற பக்கம் ஃபில்டரை வைத்தால் காலையில் கெட்டியாக இருக்கும் ஆயிலை இழுக்க முடியாமல் பம்ப் திணறும். அதனால் திரும்பி வரும் லைன்தான் வழக்கமான இடம். பைபாஸ் வால்வ் உள்ள ஃபில்டராக இருக்க வேண்டும், ஏனென்றால் அழுக்கு ஆயில் ஓடுவது ஆயிலே ஓடாததைவிட மேல். பெட்ரோல் ஹோஸை ஆயிலுக்குப் போடக் கூடாது. வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே சூட்டில் ரப்பர் ஊதி, உரிந்து, ஒரு நாள் அந்தத் தோலே வழியை அடைத்துக்கொள்ளும். எஃகு வலை ஹோஸை அறுத்த பிறகு உள்ளே கிடக்கும் துணுக்குகளைக் கழுவி ஊதாமல் பூட்டினால், ஆயிலைச் சுத்தம் செய்யப் போட்ட குழாயே இரும்புத்தூளை இன்ஜினுக்குள் அனுப்பிவைக்கும். ஒற்றை சிலிண்டர் இன்ஜின் உதறுகிற உதறலுக்குச் செம்புக்குழாயை நேராக இழுத்துக் கட்டினால் இறுகிப்போய் வெடிப்பு விடும். ஃபில்டரைத் தாங்கும் தகடு ஃப்ரேமிலா இன்ஜினிலா என்பது இன்னொரு கேள்வி. ஆயில் நிரம்பிய ஃபில்டர் கனமானது. மெல்லிய தகட்டில் தொங்கவிட்டால் வெல்டிங் ஓரம்தான் முதலில் விடும்.

இவற்றில் ஒன்றுகூட போட்டோவில் தெரியாது. மலிவான ஹோஸும் நல்ல ஹோஸும் இன்ஸ்டாகிராமில் ஒரே மாதிரிதான் மின்னும்.

மதுரைக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு ஊர் ஞாபகம் வரும். ஒத்தக்கடையிலிருந்து திருமோகூர் தாண்டிப் போனால் திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை வாதவூரர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழிக்கிறார். சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருகிறான். பகலில் அரசன் பார்க்கிறான், அசந்துபோகிறான். ராத்திரி அத்தனையும் நரி. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இந்தக் கதையில் ஒரு சந்தை நுணுக்கம் வருகிறது: கயிறு மாற்றிக் கொடுத்த பிறகு குதிரை எப்படிப் போனாலும் விற்றவனுக்குப் பொறுப்பில்லை. மாட்டுச் சந்தை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒர்க்ஷாப்பில் கயிறுக்குப் பதில் சாவி.

பளபளக்கும் பெட்ரோல் ஹோஸ் நரிப்பரிதான். அதைத் திட்டுவது சுலபம். எனக்கு உறுத்துவது கதையின் முதல் பாதி. குதிரைக்குக் கொடுத்த காசை, தான் உயர்ந்ததாக நம்பிய ஒன்றுக்குச் செலவழிப்பது. பக்தி இலக்கியம் அதைக் கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். ஒர்க்ஷாப்பில் அந்தப் பக்தி வேறு உருவத்தில் வரும். தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்த மேத்யூ க்ராஃபோர்ட், 2009இல் வந்த ‘ஷாப் கிளாஸ் ஆஸ் சோல்கிராஃப்ட்’ புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். ஒரு பழைய ஹோண்டா மேக்னாவில் ஒரு ஆயில் சீலைத் தோண்ட ஆரம்பித்து நிறுத்த முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறார். அந்த மணிநேரங்கள் வண்டிக்காரருக்குத் தேவையா, தன் வெறிக்குத் தேவையா என்பது பில் எழுதும்போது கேள்வியாகிறது. விமானத்துக்குப் போடுகிற ஃபிட்டிங்கை மேலூருக்கும் மதுரைக்கும் இடையில் ஓடப்போகிற வண்டிக்குப் போட்டு, “குவாலிட்டில காம்ப்ரமைஸ் பண்ண மாட்டேன் தம்பி” என்று சொல்கிற மெக்கானிக் திருடன் இல்லை. ஆனால் குதிரைக் காசில் கோயில் கட்டுகிறவர்.

அப்படியானால் அளவுகோல் யாருடையது? “என் வண்டி, என் காசு” என்கிற வாதம் டேங்க் பெயின்ட்டுக்குச் சரி. ஆயில் லைனில் அது நிற்காது. ஓடும்போது ஹோஸ் பிடுங்கிக்கொண்டால் சூடான ஆயில் பின் டயரில் விழும். பின்சீட்டில் அம்மாவோ தங்கச்சியோ உட்கார்ந்திருக்கலாம். “பாத்துப் போடுங்கண்ணே” என்று சொன்னது அவர்கள் இல்லை. அதனால் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்குகிற ஹோஸ், ஒழுங்கான பிடிப்பு, தாங்குகிற தகடு, இவற்றில் பேரம் கிடையாது. காசு இல்லையென்றால் கம்பெனி போட்டுக்கொடுத்த கம்பளி ஃபில்டரே இருக்கட்டும், அது மோசமான வடிகட்டி இல்லை. அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு ரூபாயையும் வண்டிக்காரனிடம் அவனுக்குப் புரிகிற வார்த்தையில் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். கேட்டால் கெத்து போய்விடும் என்று நினைக்கிற மெக்கானிக்குகள் உண்டு.

இதனால்தான் ஃபில்டரைப் பொருத்தும் இடம் எனக்கு வெறும் இடப்பிரச்சினையாகத் தெரியவில்லை. அழகு கெடும் என்று பேட்டரி பெட்டிக்குப் பின்னால் செருகினால், அதைக் கழற்ற மறுபடி அதே மெக்கானிக்கிடம்தான் வர வேண்டும். வெளியே, சைலன்சர் மேல் ஆயில் சொட்டாத இடத்தில், கை நுழைகிற மாதிரி வைத்தால் அவனே கழற்றுவான். பழைய ஃபில்டரை அறுத்து, காகித மடிப்பை வெயிலில் விரித்துப் பார்ப்பான். பித்தளைப் பொடி மின்னுகிறதா, இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு போன மூன்றாவது மாதமும் வந்து நின்று, “என்னண்ணே இது?” என்று கேட்பான்.