அழகும் அறமும்

முற்றத்தில் பூஞ்செடி நடுவது நம்மவர்க்கு இயல்பு. அதிற் பிழை யாது என வினவுவோர் உண்ணிச்செடியின் வரலாற்றை நோக்குவாராக. வெப்ப அமெரிக்காவிற் பிறந்த அச்செடி, 19-ஆம் நூற்றாண்டில் அழகுக்காக இந்தியாவிற் புகுந்தது. பறவைகள் அதன் கனியை உண்டு வித்தைத் தூவின. இன்று முதுமலைக் காட்டில் அது புல்லை நெருக்கிப் புதராய் மண்டிக் கிடக்கிறது. இலையோ மாட்டுக்கு நஞ்சு.

அங்ஙனமாயின் அந்நியச் செடி யாவும் தீயனவோ? அல்ல. 1877-இல் கோலகங்சாரில் நட்ட பால்மரக் கன்றுகளும் பிரேசில் நாட்டு வித்தின் வழிவந்தவையே. அவ்வினமே பேராக்கில் நம் முன்னோரின் வியர்வையைக் குடித்து வளர்ந்து, அவர்க்குச் சோறும் இட்டது. கடல் கடந்து வந்தோரின் மக்களாகிய நாம், பிறந்த இடம் பற்றி ஒன்றனைப் பழித்தல் தகுமோ? பிறப்பன்று, நடத்தையே அளவுகோல்.

ஆயினும் செடிக்குத் தன் செயலின் பயனை அறியும் அறிவில்லை. அது நட்டவனுக்கே உண்டு. வேலி நம்முடையது, பறவை செல்லும் வழி நம்முடையதன்று. ஆகவே ஈப்போ நகரத்தாராயினும் தோட்டத்தாராயினும், நாற்று வாங்குமுன் அதன் வித்து எங்ஙனம் பரவும் என்று கேட்டறிக. காய் பழுக்குமுன் கத்தரித்திடுக. வெட்டியதை ஆற்றோரத்தில் எறியாதிருக்க. நம் கண்ணுக்கு இன்பம் தந்த பூ அயலான் மாட்டுக்கு நஞ்சாகுமாயின், அஃது அழகன்று.