வாசலில் நின்ற இருவர்

1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தை இத்தனை வருசம் கழிச்சும் ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்டால் வாள்சண்டை, விண்கலம், இசை என்பார்கள். நான் அதிலுள்ள ஒரு மதுக்கடைக்காகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பாலைவனக் கோள் ஒன்றின் துறைமுகத்தில் இருக்கிறது அந்தக் கடை. கொம்பு முளைத்தவன், ஈ மூஞ்சிக்காரன், எந்தெந்தக் கோளிலிருந்தோ வந்தவன் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து குடிக்கிறார்கள். கதாநாயகன் லூக் தன் இரண்டு ரோபோக்களோடு நுழைகிறான். இந்த வகையறாவுக்கு இங்கே இடமில்லை என்கிறான் கடைக்காரன். லூக் ஏன் என்று கேட்கவில்லை. வம்பு வேணாம், வெளியே வண்டிகிட்ட நில்லுங்க என்கிறான். தங்க நிற ரோபோ, நம்மூர் மொழியில் சொன்னால், 'ரொம்பச் சரிங்க சாமி' என்று நகர்கிறது. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். முதல் தடவை நானும் சிரித்தேன். இரட்டை டம்ளரைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு எப்படிச் சிரிப்பு வந்தது?

கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒருவன் லூக்கிடம் வம்புக்கு வருகிறான். கிழவர் ஓபி-வான் ஒளிவாளை எடுத்து அவன் கையையே வெட்டி எறிகிறார். ஆக, வாள் இருந்தது. வாசலில் நின்றவர்களுக்காக அது இடுப்பை விட்டு அசையவில்லை.

இவர்கள் கெட்டவர்களல்ல, பேரரசை எதிர்த்து உயிரைக் கொடுக்கிற பக்கத்து ஆட்கள். உறுத்துவதே அதுதான். அந்த ரோபோக்கள் காசு கொடுத்து வாங்கப்பட்டவை. சின்ன ரோபோ பழைய எஜமானைப் பற்றிப் பேசுகிறது என்றதும், அதன் நினைவை அழித்துவிடு, இனி அது நம்முடையது என்கிறார் லூக்கை வளர்த்தவர். அந்த ரோபோவுக்குள்தான் பேரரசின் கோட்டையைத் தகர்க்கும் வரைபடம் இருக்கிறது. கலகத்தின் மொத்த உயிரும் கடைக்கு வெளியே வெயிலில் நிற்கிறது!

குரோசாவாவின் 'தி ஹிடன் ஃபோர்ட்ரஸ்' (1958) ராஜகுமாரி, தளபதி கதையை இரண்டு ஏழைக் குடியானவர்களின் கண்வழியே சொன்னது. அந்த உத்தியை அங்கிருந்துதான் எடுத்தேன் என்று லூகாஸே சொல்லியிருக்கிறார். ஆனால் மனிதர்கள் இருந்த இடத்தில் இயந்திரங்களை வைத்தார். 1960இல் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேடையில் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். உணவுக்கடைகளில் நிறம் பார்ப்பதைச் சட்டம் தடை செய்தது 1964இல். பதிமூன்றே வருசம் கழித்து, அதே நாட்டில், அதே காட்சி நகைச்சுவையாகிறது. வெளியே நிறுத்தப்பட்டது ஒரு மனுசனாக இருந்திருந்தால் அரங்கு சிரித்திருக்குமா?

இயந்திரத்துக்கு என்ன தோழர் வலி என்று கேட்கலாம். படமே அப்படி நினைக்கவில்லையே. குண்டடிபட்ட சின்ன ரோபோவுக்குத் தன் உறுப்புகளைத் தருகிறேன் என்று துடிக்கிறது அதன் கூட்டாளி. அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. இவ்வளவு பாசம் வைக்கச் செய்துவிட்டுத்தான் அந்த அவமானத்தை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது படம்.

கடைசியில் லூக்குக்கும் ஹானுக்கும் பதக்கம். கூடவே போராடிய, உடம்பெல்லாம் ரோமம் மூடிய ச்யூபாக்காவுக்குக் கிடையாது. 2019இல் வந்த படத்தில்தான் அவனுக்கு ஒன்று கொடுத்தார்கள், நாற்பத்திரண்டு வருசம் கழித்து. ரோபோக்கள் இரண்டையும் நன்றாகத் துடைத்து, பளபளவென்று, ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.