காணாத கூரையின் வாடகை

பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "சாமி, இது வட்டிக் காசா, வாடகைக் காசா? பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பகுதியை அவர் மூன்று ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளில் போட்டு வைத்திருக்கிறார். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அவற்றிலிருந்து அவருடைய வங்கிக் கணக்கில் பணம் சேருகிறது. துணைவியாரின் மருந்துச் செலவு பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது. தாளில் அத்தொகை மூன்று கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது: வட்டி, ஈவுத்தொகை, கடன் திருப்பம். 'வட்டி' என்னும் சொல் அவர் மனத்தை உறுத்தியிருக்கிறது.

"வாடகைதான் ஐயா, கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது தவறன்று, ஆனால் அவசரத்தில் சொன்னது. அவர் கேட்ட கேள்வி நான் சொன்ன விடையைவிடப் பெரியது என்பது அறைக்குத் திரும்பிய பின்னரே புரிந்தது.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பிறந்தது. பெருஞ்செல்வர்க்கு மட்டுமே கிட்டிவந்த பெரிய கட்டடங்களின் வாடகையைச் சிறு சேமிப்பாளரும் பங்கிட்டுக்கொள்ள, 1960இல் அதிபர் ஐசன்ஹோவர் கையொப்பமிட்ட சட்டம் வழிசெய்தது. இந்தியாவில் செபி 2014இல் இதற்கு விதிகளை வகுத்தது. முதல் அறக்கட்டளையான எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் 2019 ஏப்ரலில் பங்குச் சந்தைக்கு வந்தது. மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, கடை வளாகங்களைக் கொண்ட நெக்சஸ் செலக்ட் ஆகியவை பின்தொடர்ந்தன. சொத்தில் 80 விழுக்காடாவது கட்டி முடித்து வாடகை ஈட்டும் கட்டடங்களாக இருக்க வேண்டும். பகிரத்தக்க வருவாயில் 90 விழுக்காடாவது யூனிட் வைத்திருப்போர்க்குக் கொடுக்கப்பட வேண்டும். இவையே முதன்மையான விதிகள். சென்னை வடபழனியிலுள்ள ஒரு கடை வளாகமும், பல்லாவரம் - துரைப்பாக்கம் சாலையிலுள்ள ஓர் அலுவலக வளாகமும் இத்தகைய அறக்கட்டளைகளைச் சேர்ந்தவை.

தாளில் 'வட்டி' என்று வந்ததற்கும் காரணம் உண்டு. கட்டடம் பெரும்பாலும் ஒரு தனி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அந்நிறுவனத்திற்கு அறக்கட்டளை கடன் தரும். நிறுவனம் வாடகையை வாங்கி, அதிலிருந்து கடனுக்கு வட்டி கட்டும். வாய்க்காலின் பெயர் வட்டி. ஊற்றின் பெயர் வாடகை.

வாடகையைப் பற்றித் திருச்சபையின் சிந்தனை தெளிவானது. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் வட்டியை ஆராய்ந்தபோது வீட்டையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். திராட்சை மதுவைப் பயன்படுத்துவதென்றால் அது தீர்ந்துபோகும். எனவே மதுவுக்கு ஒரு விலையும் அதன் பயனுக்கு வேறொரு விலையும் கேட்பது, ஒன்றையே இருமுறை விற்பதாகும். வீடு அப்படியன்று. ஒருவர் குடியிருந்து சென்றபின்னும் அது நிற்கிறது. ஆகையால் உடைமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பயனை மட்டும் பிறர்க்கு விட்டு, அதற்கு விலை பெறுவது முறையே என்றார். 1745இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட், கடனுக்கு வட்டி வாங்குவதைக் கண்டித்தபோதும், வேறு ஒப்பந்தங்களால் நேர்மையான வருவாய் பெறலாம் என்பதை மறுக்கவில்லை. ஆகவே தலைமையாசிரியர் பெறும் பணம் அதன் வகையில் குற்றமற்றது.

ஆயினும் குற்றமற்ற வகையைச் சேர்ந்த செயலும் குற்றமுடையதாக நடைபெறலாம். பழைய காலத்து வீட்டுக்காரர் எல்லாரும் நல்லவர் அல்லர். குடியிருந்தவரின் பாத்திரங்களைத் தெருவில் எறிந்தவர்களும் உண்டு. ஆனால் அவர் குடியிருப்பவரின் முகத்தை அறிவார். அந்த வீட்டில் சாவு விழுந்தால் அந்த மாத வாடகையைக் கேட்க அவருக்கு நா எழாது. யூனிட் வைத்திருப்பவருக்கோ முகம் எதுவும் தெரியாது. அவருக்கு இரக்கமில்லை என்பதன்று. இரங்குவதற்கு எதிரே ஆள் இல்லை. பளிங்குத் தரையை இரவில் துடைப்பவரின் கூலி அவருடைய கணக்கில் ஒரு செலவு. அந்தச் செலவு குறைந்தால் அவர் வருவாய் ஒரு துளி கூடும். அவர் அதை விரும்பவில்லை, அறியவுமில்லை. ஆனாலும் அந்தத் துளி அவரிடமே வந்து சேருகிறது. அறியாமல் பெற்றதற்கு எவ்வளவு பொறுப்பு?

'எனக்குப் பொறுப்பே இல்லை' என்பது எளிய விடை. 'எல்லாப் பொறுப்பும் எனதே' என்பது மிகைப்பட்ட விடை. சில நூறு யூனிட்டுகளுக்கு உரிய வாக்கால் ஒரு பெருநிறுவனம் திரும்பிவிடாது. ஆனால் எங்கே பணத்தைப் போடுவது என்னும் தேர்வு நம்முடையது. 1991இல் வெளியிட்ட 'நூறாம் ஆண்டு' சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், முதலீட்டை ஓரிடத்தைவிட்டு மற்றோரிடத்தில் செய்யும் முடிவும் ஓர் அறநெறித் தேர்வே என்று கற்பித்தார். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின், கடன் கட்ட இயலாதோர் இழந்த வீடுகளைப் பெருநிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி வாடகைக்கு விட்டன. அவற்றுள் ஒன்றான இன்விடேஷன் ஹோம்ஸ், மறைமுகக் கட்டணங்களை வாங்கியதாகவும், குடியிருந்தோரின் முன்பணத்தை முறையின்றிப் பிடித்துக்கொண்டதாகவும் அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 செப்டம்பரில் குற்றஞ்சாட்டியது. 4 கோடியே 80 லட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் இசைந்தது. அதன் பங்குகளை வைத்திருந்த முதியோருள் தீய எண்ணம் கொண்டவர் மிகச் சிலரே இருந்திருப்பர். செய்தி வெளியாகும் முன் அவர்கள் அறியாதவர்கள். வெளியான பின் அறிந்தவர்கள். அறிந்த நாள்முதல் அவர்களுடைய பங்கும் ஒரு சொல் பேசத் தொடங்குகிறது. ஆண்டறிக்கையைப் படிப்பதும், வாடகைதாரர் யார் எனப் பார்ப்பதும், மனம் ஒப்பாதபோது விலகுவதும் சிறு செயல்கள்தாம். ஆயினும் நம்மால் இயலக்கூடியவை.

அறம் பிறரைப் பற்றியது மட்டுமன்று. விவேகமும் நற்பண்புகளுள் ஒன்றே. தலைமையாசிரியரின் தாளில் இருந்த 'கடன் திருப்பம்' என்னும் கூறு பலர் கவனிக்காதது. அது பெரும்பாலும் நாம் போட்ட முதலே சிறிதுசிறிதாக நம்மிடம் திரும்பிவருவது. அதையும் விளைச்சல் என்று எண்ணிச் செலவழிப்பவர் விதைநெல்லைக் குத்திச் சோறாக்குகிறார். கட்டடமும் என்றும் காலியாகாது என்பதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் கடைகள் அடைபட்டபோது, அமெரிக்காவில் கடை வளாகங்களை நடத்திய இரு அறக்கட்டளைகள் 2020 நவம்பர் 1 அன்று, ஒரே நாளில், திவால் பாதுகாப்புக் கோரின. முழுப் பணத்தையும் ஒரே கூரையின்கீழ் வைப்பவர், தம்மை நம்பியிருக்கும் துணைவரின் மருந்தையும் அக்கூரையின்கீழ் வைக்கிறார். அலுவலகம், கடை எனப் பிரித்து வைப்பதும், ஒரு பகுதியை அஞ்சலகச் சேமிப்பிலோ வங்கி வைப்பிலோ நிறுத்துவதும் அச்சத்தின் அடையாளமல்ல, அன்பின் கடமை. இறைவாக்கினர் எசாயா வீட்டோடு வீட்டைச் சேர்த்துக்கொண்டே போவோரைச் சாடினார். போதும் என்னும் எல்லையை அறியாத சேர்ப்பையே அவர் கண்டித்தார். முதுமைக்கு வேண்டியதைக் கவனமாகக் காப்பதை அன்று.

இறுதியாக ஒன்று. தமிழில் இவற்றை 'அறக்கட்டளை' என்கிறோம். பெயரில் அறம் இருக்கிறது. இவை தருமம் செய்ய எழுந்தவை அல்ல. ஆனால் இவற்றின் விதி ஒன்றில் நமக்குப் பாடம் உண்டு. வந்ததை வைத்துக்கொள்ளாதே, 90 விழுக்காட்டைக் கொடுத்துவிடு என்று சட்டம் இவற்றுக்குக் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளை நம் வாசல்வரை வந்து நின்றுவிடுகிறது. நம் கைக்கு வந்தபின், எவ்வளவை மேலே அனுப்புவது என்று வரிச் சட்டம் தவிர வேறு எச்சட்டமும் சொல்வதில்லை. அங்கேதான் மனச்சான்றின் வேலை தொடங்குகிறது.

லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம், அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியர்க்கும் விட்டுவைக்கச் சொல்கிறது. அந்த வயலுக்கு வரப்பு இருந்தது. ஓரத்தில் பொறுக்க வந்தவரை உழவர் கண்ணால் கண்டார். நம் புதிய வயலுக்கு வரப்பு இல்லை. அதன் ஓரத்தில் நிற்பவர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகையால் ஓரத்தை நாமே குறித்துக்கொள்ள வேண்டும். நிற்பவரையும் நாமே தேடிக் காண வேண்டும்.

அடுத்த ஞாயிறு தலைமையாசிரியரைக் கண்டு, அவசரத்தில் பதில் சொன்னதற்கு வருத்தம் தெரிவித்து, இவற்றைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டவர், கணக்கு வாத்தியார் அல்லவா, "ஓரம் என்றால் எத்தனை விழுக்காடு, சாமி?" என்றார். விவிலியம் அதற்கு எண் எதுவும் தரவில்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எண் இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்" என்றார்.

ஆம், எளிதாக இருந்திருக்கும். எண்ணைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம். எண் இல்லாததால்தான் ஒவ்வொரு மூன்று மாதமும் அந்தத் தாள் வரும்போது அவர் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது, நாமும்தான்.