எழு! உன் வேலை சிறியதல்ல

தம்பி, தங்கச்சி! விடியும் முன்னே ஃபேக்டரி பஸ்ஸுக்காகப் பினாங்கின் பத்து காவானில் காத்து நிற்கிறாயே, அப்போது உன் மனசுக்குள் என்ன ஓடுகிறது? "என்னத்தப் பெரிய வேலை! மாசக் கடைசியில் சம்பளம் வந்தால் சரி." இதுதானே? இந்த நினைப்புதான் உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. இன்றே அதைத் தூக்கி எறி!

நீ நிற்கும் மண்ணைப் பார். கரும்பு விளைந்த மண் இது. 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி செபராங் பிறைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். கரும்புக்குப் பின் ரப்பர், ரப்பருக்குப் பின் செம்பனை. இன்று அதே வட்டாரத்தில் தொழிற்பேட்டை எழுந்து நிற்கிறது. பத்து காவானையும் பினாங்குத் தீவிலுள்ள பத்து மாவுங்கையும் இணைத்து 24 கிலோமீட்டர் நீளும் இரண்டாவது பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதில் கான்கிரீட் கொட்டியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? அவர்கள் வேலையை நம்பித்தான் தினமும் நாம் கடலைக் கடக்கிறோம்!

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறாய். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னா திருவிழாவில் மெழுகுவர்த்தி ஏந்துகிறாய். திங்கட்கிழமை மட்டும் கடவுளை ஆலை வாசல் காவலர் அறையிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போகிறாய். அவருக்கு அங்கே அனுமதி இல்லை என்று யார் சொன்னது?

இயேசு யார்? தச்சர்! "இவன் தச்சன்தானே" என்று சொந்த ஊர்க்காரர்களே இளக்காரம் பேசியதை மாற்கு எழுதி வைத்திருக்கிறார். அவர் போதிக்கத் தொடங்கியபோது வயது ஏறக்குறைய முப்பது என்கிறார் லூக்கா. அப்படியானால் மேடையில் நின்ற காலத்தைவிட மரத்தூளில் நின்ற காலம்தான் அதிகம். பவுல் கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாவோடு உட்கார்ந்து கூடாரம் செய்து பிழைத்தார். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் சகோதரர் லாரன்ஸ் மடத்துச் சமையற்கட்டில் உழைத்தார். பிறகு செருப்புத் தைத்தார். பாத்திரங்களுக்கு நடுவிலும் ஆலயத்தில் இருப்பதுபோலவே கடவுளோடு இருந்தார். இனியும் உன் கைவேலையை மட்டம் என்று சொல்வாயா?

பத்து காவானில் மருத்துவக் கருவி செய்யும் ஆலையும் உண்டு. அங்கே உன் கண் தாண்டிப் போகும் ஒரு பொருள் நாளை யாரோ ஒரு தாயின் உடம்புக்குள் போகும். சூப்பர்வைசர் பார்க்காத நேரத்திலும் நீ அதைச் சரியாகச் சோதிக்கிறாய் அல்லவா? அயலானை நேசி என்ற கட்டளை அங்கேதான் நிறைவேறுகிறது. ஆலை கூட்டினாலும் சரி, லாரி ஓட்டினாலும் சரி, ஒரு மனிதனுக்குப் பயன்படும் எந்த நேர்மையான வேலையும் வழிபாடுதான்!

ஆனால் ஒன்று கேள். கடவுளுக்காக உழைப்பது என்றால் முதலாளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என்று பொருளல்ல. பிடித்துவைத்த கூலி கடவுளிடம் கூக்குரலிடுகிறது என்று எச்சரிக்கிறது யாக்கோபின் நிருபம். ஓ.டி. பணம் குறைந்தால் கேள். பாதுகாப்பு இல்லையென்றால் சொல். ஓய்வு நாளைக் கட்டளையாகவே தந்த கடவுள் உன்னை இயந்திரமாகப் படைக்கவில்லை. தன் வேலையை மதிப்பவன்தான் தன் உரிமையை நிமிர்ந்து கேட்பான்!

நாளை ஷிப்ட் தொடங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேள்: "இன்று என் வேலையால் யாருக்கு நன்மை?" அந்த மனிதனை மனதில் வை. அவனுக்காக ஒரு நிமிடம் ஜெபி. பிறகு வேலையில் கையை வை. பதவி உயர்வு வரட்டும், வராமல் போகட்டும். உன் மதிப்பைச் சம்பளச் சீட்டு எழுதவில்லை, உன்னைப் படைத்தவர் எழுதினார். நிமிர்ந்து நட! உன் வேலைக்கு நீயே முதலில் மரியாதை கொடு!