ரோடியர் மில்லுக்குப் பிறகு

புதுச்சேரிக்காரர் வாயில் அது இன்னமும் ரோடியர் மில்தான். 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், 2020 ஏப்ரல் 30-உடன் மூடப்பட்டது. வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களிலிருந்து ஷிப்டுக்குச் சைக்கிள் மிதித்து வந்தவர்களில் ஐம்பதைத் தொட்டவர்களும் உண்டு. வீட்டில் உட்காரவும் முடியாத, வேறு வேலைக்குக் கூப்பிட ஆளும் இல்லாத வயது. அப்படிப்பட்டவரிடம், "இனிமேலாவது மனசுக்குப் பிடிச்ச வேலையாப் பாருங்க" என்று சொல்வது அறமா?

கேட்க இதமான சொல்தான். ஆனால் பிடித்த வேலையைத் தேடிக்கொண்டிருக்க, அதுவரை அடுப்பெரிய வழி வேண்டும். மகள் நகை அடகில் இருக்கும்போது ஒருவர் ஏ.டி.எம். வாசலில் ராத்திரி வாட்ச்மேனாக உட்கார்வது, ஆசை வற்றிப்போனதால் அல்ல. ஆலையை மூடியது அவரில்லை. மனநிறைவு தேடும் பொறுப்பை மட்டும் அவர் தலையில் கட்டுவது எப்படி நியாயம்?

எதிர்ப்பக்கச் சொல் இன்னும் கொடிது: "இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?" கூலிக்காரனுக்குக் கூலி போதும், நிறைவெல்லாம் படித்தவர் சமாச்சாரம் என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. 1936 ஜூலை 30 அன்று இதே புதுச்சேரியில் துப்பாக்கிச் சூட்டில் 12 ஆலைத் தொழிலாளர்கள் செத்தார்கள். எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் அவர்கள் கேட்டவற்றில் இருந்தன. மிச்ச நேரம் தமக்கு வேண்டும் என்று உயிரைக் கொடுத்தவர்களுக்கா நிறைவு தெரியாது?

நிறைவு தரும் வேலைக்கு ஓர் உதாரணம் பார்ப்போம். வில்லியனூர்ச் சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் கலைக்காக வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த வேலையில் பாதி பொறுமைதான். ஊறிய மண்ணை மிதித்துப் பிசைந்து, தட்டுப்படும் பொடிக்கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் சூளையில் அந்த இடம் தெறிக்கலாம். நிழலில் உலரவிடாமல் அவசரப்பட்டாலும் விரிசல்தான். அறுந்த இழையை முப்பது வருஷம் விரல்நுனியால் தேடியவருக்கு இந்தக் கல்லா அகப்படாது? அகப்படும். ஆனால் கை பழக மாதக்கணக்காகும். அந்த மாதங்களின் அரிசிக்கு யார் பொறுப்பு?

குடும்பம் என்று சட்டென்று சொல்லிவிடக் கூடாது. வீட்டாரைக் கேட்காமல் அவர்கள் சோற்றில் கைவைக்க அவருக்கும் உரிமையில்லை. அப்பா சிற்பியாவதற்காகப் பிள்ளை படிப்பை நிறுத்தினால் அதை யார் மெச்சுவது? அந்தக் கலை தழைக்க வேண்டும் என்று ஆசைப்படும் ஊரும் அரசும்தான் செலவையும் ஏற்க வேண்டும். பழகுநர் உதவித்தொகை என்றதும் இருபது வயதுப் பையன் முகம் மட்டும் நினைவுக்கு வருவது நம் கோளாறு.

பாகூர் ஏரிப் பாசனத்தில் துண்டு நிலம் உள்ளவர் மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொள்ளலாம். நிலமில்லாதவருக்கு அந்த வழியும் இல்லை.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய மில்காரர் ஒருவர் வேலை பழக வந்து நின்றால் வயதைக் கேட்காதீர்கள். முதல் நாள் கூலியைப் பேசுங்கள்.