பிடி பொன்னாக வேண்டுமா?

துணியைக் கையால் கிழித்துத் துறவியின் சீவர ஆடை தைத்தால் ஓரம் கோணலாகத்தான் வரும். புத்தர் காலத்துத் துறவிகளுக்கு இந்தச் சிக்கல் இருந்தது. விஷயம் புத்தரிடம் போனது. ஒரு சிறு கத்தியும், அதைச் சுற்றி வைக்க ஒரு துணியும் வைத்துக்கொள்ளலாம் என்றார். அடுத்துப் பிடி வைத்த கத்தி வந்தது. அதற்கும் அனுமதி கிடைத்தது. சங்கத்துக்குள் ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. விநயம் எனப்படும் துறவிகளின் ஒழுக்க விதிகளில் பலவும் இவர்கள் செய்த காரியங்களால் பிறந்தவை. இந்த ஆறு பேரும் தங்கள் கத்திகளுக்குப் பொன்னிலும் வெள்ளியிலும் பிடி போட்டுக்கொண்டார்கள். சுகத்தை நாடும் இல்லறத்தாரைப் போல அல்லவா இருக்கிறார்கள் என்று ஊரார் குறைபட்டார்கள். பொன்னும் வெள்ளியும் விலக்கப்பட்டன. எலும்பு, தந்தம், கொம்பு, நாணல், மூங்கில், மரம், அரக்கு, பழ ஓடு, உலோகம், சங்கு ஆகியவற்றில் பிடி செய்துகொள்ளலாம் என்று விதி வந்தது. அந்த விதிகளைத் தொகுத்த பாலி விநய பிடகத்தில், சுல்லவக்கம் என்ற பகுதியில் இந்தப் பட்டியல் இருக்கிறது.

அந்தப் பட்டியலின் தாராளம் கவனிக்கத்தக்கது. தந்தம் அன்றும் மலிவான பொருளாக இருந்திருக்க முடியாது. கொம்பிலும் சங்கிலும் கைத்திறன் காட்ட நிறையவே இடம் உண்டு. நன்றாகச் செய்த பிடியை விதி குற்றம் சொல்லவில்லை. அப்படியானால் கோடு எங்கே விழுகிறது? சட்டைப் பையில் போட்டுக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர் முன்னால் இன்றும் நிற்பது இதே கேள்விதான். ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைப்பதும் கத்தி, முப்பதாயிரத்தைத் தாண்டுவதும் கத்தி. நல்ல பொருளுக்குத் தரும் மதிப்பு எந்த இடத்தில் பற்றாக மாறுகிறது?

இரண்டு கத்திகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவோயில் ஜோசஃப் ஓப்பினெல் என்பவர் 1890-ல் செய்யத் தொடங்கிய கத்தி முதலாவது. பீச் மரப் பிடி, ஒரே அலகு, ஓர் ஆணி. 1955-ல் அலகு விரல்மேல் மடங்கிவிடாதபடி ஒரு சுழல் வளையம் சேர்ந்தது. இன்றும் அதன் எட்டாம் எண் கத்தி, எட்டரை சென்டிமீட்டர் அலகோடு, பத்துப் பதினைந்து யூரோவுக்குக் கிடைக்கிறது. மழையில் நனைந்தால் மரம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் நெம்பினாலும் வராது. அப்போது சவோய்க்காரர்கள் பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அலகு விரலுக்கு எட்டும் அளவு வெளியே வந்துவிடும்.

இரண்டாவது செபென்சா. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. பிடி டைட்டானியம். தனியாகப் பூட்டு என்று ஒன்று இல்லை. பிடியின் ஒரு பக்கமே வில்லாக வளைந்து அலகின் அடியில் போய் உட்கார்ந்து பூட்டிக்கொள்கிறது. பின்னாளில் எத்தனையோ நிறுவனங்கள் பின்பற்றிய ஏற்பாடு இது. பாஸ்பர் வெண்கல வளையங்களுக்கு நடுவே அலகு திரும்பும்போது பிசிறில்லாத ஒரே சீரான நகர்வு கட்டைவிரலுக்குத் தெரியும். திருகுகளைக் கழற்றித் துடைத்து, எண்ணெயிட்டு, மறுபடி மாட்டிக்கொள்ளச் சாவியும் பெட்டியிலேயே வரும். விலை 400 டாலருக்குக் குறையாது. ஓப்பினெலைப் போல ஏறத்தாழ முப்பது மடங்கு.

முப்பது மடங்கு நன்றாக வெட்டுமா? ஓர் ஆப்பிளை வைத்தே பார்த்துவிடலாம். ஓப்பினெல் அலகின் தடிமன் முதுகுப் பக்கத்திலேயே 1.7 மில்லிமீட்டர்தான். பழத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கும். செபென்சாவின் முதுகு மூன்று மில்லிமீட்டரை ஒட்டியது. விளிம்பு கூர்மையாக இருந்தாலும், பாதி வழி இறங்கியபின் ஆப்பு அடித்தது போலப் பழத்தைப் பிளக்கப் பார்க்கும். சமையலறைப் பலகையில் மலிவான கத்திதான் ஜெயிக்கிறது. அதன் கரிம எஃகு பழச்சாறு பட்டுக் கறுக்கும், துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும் என்பது உண்மை. துரு வேண்டாம் என்பவர்களுக்கு அதே கத்தி ஸ்வீடன் நாட்டு 12சி27 எஃகிலும் வருகிறது.

நாள் முழுக்க அட்டைப்பெட்டி அறுக்கிறவருக்கு விடை வேறு. அட்டை எஃகின் கூரை வேகமாகத் தின்னும். செபென்சாவில் பல ஆண்டுகள் இருந்த எஸ்35விஎன் என்ற எஃகை குரூசிபிள் நிறுவனம் ரீவோடு சேர்ந்து உருவாக்கி 2009-ல் வெளியிட்டது. உருகிய எஃகை வாயுவால் தெளித்துத் தூளாக்கி, அந்தத் தூளை வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடி கட்டியாக்கும் முறையில் அது பிறக்கிறது. வனேடியம், நையோபியம் கார்பைடுகள் என்ற கடினத் துகள்கள் மணல் போலப் பொடியாக, எங்கும் ஒரே அளவில் பரவிக் கிடப்பதால் கூர் நீடிக்கிறது. அதே காரணத்தால் மழுங்கிய பிறகு தீட்டுவதும் கடினம். வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லின் அலுமினா தூளைவிடக் கடினமானது. வைரத்தூள் பதித்த தகடு இருந்தால் வேலை சுலபம். ஓப்பினெலோ எந்தக் கல்லிலும் நாலு இழுப்பில் கூராகிவிடும். ஆக, விலை கூடும்போது எல்லாம் சேர்ந்து கூடுவதில்லை. ஒன்று கூடினால் ஒன்று குறைகிறது.

அரிஸ்டாட்டில் தன் ‘அரசியல்’ நூலின் தொடக்கத்திலேயே ஒரு மலிவுக் கத்தியைப் பற்றிப் பேசுகிறார். கொல்லர்கள் பல வேலைக்கும் ஆகட்டும் என்று சிக்கனமாகச் செய்யும் டெல்ஃபிக் கத்தியைப் போல இயற்கை எதையும் படைப்பதில்லை. ஒரு வேலைக்கு ஒரு கருவி என்று இருந்தால்தான் கருவி சிறக்கும் என்பது அவர் வாதம். பெண்ணும் அடிமையும் இயற்கையிலேயே வெவ்வேறு பயனுக்கானவர்கள் என்று நிறுவ அவர் அதைப் பயன்படுத்தினார். அந்த முடிவை இன்று யாரும் ஏற்க வேண்டியதில்லை. கத்தியைப் பற்றிய கருத்தும் முழுச் சரி இல்லை. 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கார்ல் எல்சனர் தந்த சிப்பாய்க் கத்தியில் அலகு, டப்பா திறப்பான், திருப்புளி, துளையிடும் ஊசி என்று எல்லாமே இருந்தன. சிப்பாய்க்குத் தன் துப்பாக்கியைக் கழற்றவும் உணவு டப்பாவைத் திறக்கவும் ஒரே கருவி தேவைப்பட்டது. பல வேலைக்கு ஆவதே அதன் வேலை. இருந்தாலும் அரிஸ்டாட்டிலிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஒரு பொருளின் நன்மையை அது செய்யும் காரியத்தைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது அது. பொன் பிடி அந்த அளவுகோலில் தோற்கிறது. பிடியைப் பொன்னாக்கியதால் சீவரத்தின் ஓரம் இன்னும் நேராகிவிடப் போவதில்லை.

பொருளின் தரம் விலையில் இல்லையென்றால் எதில் இருக்கிறது? ஹாய்ட் பக் என்ற அமெரிக்கர் கான்சாஸில் கொல்லுப்பட்டறையில் தொழில் பழகியவர். பின்னாளில் ஐடஹோவில் ஒரு சபைக்குப் போதகராகவும் இருந்தார். அவரும் மகன் ஆல் பக்கும் தொடங்கிய நிறுவனம் 1964-ல் 110 என்ற மடக்குக் கத்தியை வெளியிட்டது. அதற்கு இப்போது வழக்கமாகப் போடும் 420எச்சி எஃகு விலை உயர்ந்ததே அல்ல. அதைச் சூடேற்றி, குளிரவைத்து, தோய்ச்சல் கொடுக்கும் பக்குவத்தில் காட்டும் அக்கறைக்குத்தான் அந்த நிறுவனம் பேர் வாங்கியது. இதே எஃகில் கவனமில்லாமல் செய்த கத்தி சீக்கிரமே மழுங்கும். பெட்டிக்குள் பக் குடும்பத்தார் எழுதிய ஒரு குறிப்பு இருக்கும். கடவுளைத் தங்கள் தொழிலின் மூத்த பங்காளியாக வைத்திருப்பதாக அதில் சொல்லியிருப்பார்கள். அலகின் உள்ளே நடந்த தோய்ச்சலை வாங்குபவரால் கண்ணால் பார்க்க முடியாது. பார்க்க முடியாத இடத்திலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் செய்கிறவருக்கு எங்கிருந்தோ வரவேண்டும். பக் குடும்பத்துக்கு அது நம்பிக்கையிலிருந்து வந்தது. வேறொரு கொல்லருக்குத் தொழில் மானத்திலிருந்து வரலாம்.

சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் யாங்ஜியாங் என்ற நகரம் கத்தித் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே வீ நைஃப் என்ற நிறுவனம் டைட்டானியப் பிடியோடு விலை உயர்ந்த கத்திகளையும், சிவிவி என்ற பெயரில் சிக்கன விலைக் கத்திகளையும் சேர்த்தே விற்கிறது. ஒரே நிறுவனத்தின் தொழில் அறிவு இரண்டிலும் இருக்கிறது. விலை ஏறும்போது பொருள் மாறுகிறது, முடிப்பு நயமாகிறது. அலகு சீராகத் திறப்பதும் பூட்டு ஆடாமல் நிற்பதும் குறைந்த விலையிலேயே கிடைத்துவிடுகின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு பெரும் விலை கொடுத்தவருக்கு மட்டும் கிடைத்த பொருத்தம் இன்று சாதாரண வாங்குபவரின் கைக்கு வந்திருக்கிறது. இதை மனதார வரவேற்க வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் ‘சிக்கனமாக வாங்கு, போதும் என்று இரு’ என்று சொல்லிவிடலாம். ஆனால் விநய பிடகம் அங்கே நிற்கவில்லை. அதில் இன்னொரு கதை உண்டு. கபிலவஸ்துவில் தந்த வேலை செய்யும் ஒருவர், ஊசிக்கூடு வேண்டும் துறவிகளுக்குச் செய்து தருவதாகச் சொன்னார். துறவிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சிறியது வைத்திருந்தவர் பெரியது கேட்டார். பெரியது வைத்திருந்தவர் சிறியது கேட்டார். விற்பனைக்கு வேறு எதையும் செய்ய அவருக்கு நேரமில்லை. பிழைப்பு போய், மனைவி மக்கள் தவித்தார்கள். எலும்பிலோ தந்தத்திலோ கொம்பிலோ ஊசிக்கூடு செய்வித்தால் அதை உடைத்துவிட வேண்டும், குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதி வந்தது.

கத்திப் பிடிக்கு ஆகும் தந்தம் ஊசிக்கூட்டுக்கு ஆகவில்லை. அந்த ஊசிக்கூட்டின் விலை பூஜ்யம்; இலவசமாகவே வந்தது. அதைவிட மலிவாக எதையும் வாங்க முடியாது. அந்த மலிவுதான் செய்தவரின் வீட்டில் அடுப்பை அணைத்தது. பொன் பிடியில் விதி பார்த்தது வைத்திருப்பவரின் மனதை. ஊசிக்கூட்டில் பார்த்தது செய்தவரின் வயிற்றை. விலை உயர்ந்த கத்தியா, மலிவான கத்தியா என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். இரண்டாவதுதான் கனமான கேள்வி.

மலிவுக்குப் பின்னால் உடம்புகள் இருந்தன என்பதற்கு பிரான்சின் கத்தித் தலைநகரமான தியேர் சாட்சி. துரோல் ஆற்றின் வேகத்தில் சாணைச் சக்கரங்கள் சுழன்றன. தொழிலாளர்கள் சக்கரத்துக்கு மேலே போட்ட பலகையில் குப்புறப் படுத்து, கீழே கை நீட்டி அலகைச் சாணை பிடித்தார்கள். ஆற்றங்கரை ஈரமும் குளிரும் தாங்காமல் கால்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொண்டார்கள். சக்கரத்திலிருந்து தெறித்த மஞ்சள் சேற்றால் அவர்களுக்கு ‘மஞ்சள் வயிறுகள்’ என்றே பெயர் வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உலர்சாணை பிடித்தவர்கள் கல்தூளையும் எஃகுத்தூளையும் சுவாசித்து, நுரையீரல் கெட்டு இளம் வயதிலேயே இறந்தார்கள். இன்று தூசு உறிஞ்சும் குழாய், முகக்கவசம், நியாயமான கூலி எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவு விலைக்குள் வந்தே தீரும். வராவிட்டால் யாரோ ஒருவர் தன் மூச்சால் அதைக் கட்டுகிறார்.

பிரான்சின் ஒப்ராக் மேட்டுநிலத்தில் லாகியோல் என்ற கிராமத்தின் பெயரைத் தாங்கிய கத்தி ஒன்று உண்டு. 1829-லிருந்து அதற்கு வரலாறு சொல்கிறார்கள். முதுகில் ஈ அல்லது தேனீ உருவம். பல கத்திகளில் பிடியின் ஓரத்தில் சிறு ஆணிகளால் பதித்த ஒரு சிலுவை. மந்தையோடு மலையேறிய இடையர்கள், கோயில் எட்டாத இடத்தில், கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி அந்தச் சிலுவையின் முன் ஜெபித்தார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. இன்று அந்தப் பெயரில் பல நூறு யூரோ விலையில் கைவேலைக் கத்தியும் வருகிறது. எங்கோ மொத்தமாகச் செய்த ஐந்து யூரோக் கத்தியும் வருகிறது. சிலுவை பதிக்க வேண்டியது சில ஆணித்துண்டுகள் மட்டும். ஜெபித்து எழுந்த இடையர் அதே அலகால் ரொட்டியை அறுத்திருப்பார். சிலுவை பதித்த கத்தி என்று அதைத் தனியே எடுத்து வைக்க அவரிடம் இன்னொரு கத்தி இருந்திருக்காது.

இன்றைய சேகரிப்பாளர்கள் பலர் அப்படி எடுத்து வைக்கிறார்கள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறார்கள். ஒரு கீறல் விழுந்தால் மறுவிலை குறையும் என்ற அச்சம். கோடு விழும் இடம் இதுதான். நானூறு டாலர் கொடுத்து வாங்கியவர் அதைத் தினமும் பையில் போட்டு, கயிறு அறுத்து, மாம்பழம் நறுக்கி, கீறல் விழ விழப் பத்து ஆண்டு வைத்திருந்தால் அவரிடம் பற்று என்று குறை சொல்ல எதுவும் இல்லை. தொழில் தெரிந்தவருக்கு நியாயமான கூலி கொடுத்து ஒரு கருவி வாங்கியிருக்கிறார். இருநூறு ரூபாய்க் கத்தியை மாதம் ஒன்றாக வாங்கி எறிகிறவர்தான் எளிமை என்ற பெயரில் அதிகம் வீணாக்குகிறார். பண்டைச் சீனச் சிந்தனையாளர் சுவாங்சுவின் நூலில் வரும் சமையல்காரர் டிங் ஒரே கத்தியைப் பத்தொன்பது ஆண்டுகள் வைத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான மாடுகளை அறுத்தும் அது அப்போதுதான் தீட்டியது போல இருக்கிறது. எலும்பை மோதாமல் மூட்டின் இடைவெளியில் அலகைச் செலுத்தும் கை அவருடையது. அந்தக் கத்தி என்ன விலை என்று நூல் சொல்லவே இல்லை.

ஆகவே, முதல் மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் நேராக விலை உயர்ந்ததற்குப் போக வேண்டாம். 12சி27 அல்லது 14சி28என் போன்ற அடக்கமான எஃகில், யார் எங்கே செய்தார்கள் என்று பெயர் போட்டு விற்கும் ஒரு கத்தியும், கூடவே ஒரு சாணைக்கல்லும் வாங்குங்கள். ஓராண்டு அதால் எல்லாவற்றையும் வெட்டுங்கள். மழுங்கினால் நீங்களே தீட்டுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் வேலைக்கு அது போதவில்லை என்று கை சொன்னால், மேலே போங்கள்.